மெம்பர் நம்பர் இல்லாத பால்

திருப்பதி,
9-11-2010

குவைத்தில் இருக்கும் சம்பத் மாமாவுக்கு, உங்கள் மச்சினி சந்தியா எழுதுவது.

துணியில் வாசனை மாறியிருந்தது. முதலில் நான் கவனித்தது அதைத்தான். உங்கள் நலம் விசாரிக்கிற வரி இந்த இடத்தில் வரவேண்டும் என்று தெரியும். எழுத மனம் வரவில்லை. அதனால் வாசனையிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போனில் அக்காவைக் கேட்ட கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். "உன் பாலைக் குடிச்சுத்தான எம் புள்ள வயிறு கெட்டுப்போச்சு" என்று கேட்டீர்களாம். அக்கா போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. எனக்குப் போனில் பேச வராது. நேரில் பேசவும் வராது. உங்கள் கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எழுத மட்டும் வரும். தமிழில் எட்டாவது வரை படித்தேன். அதற்கு மேல் எங்களுக்குக் கிடைத்த பள்ளிக்கூடத்தில் எல்லாம் தெலுங்கு என்பதால் நின்றுவிட்டேன். எட்டு வகுப்புத் தமிழ் உங்களுக்குப் பதில் சொல்லப் போதும்.

உங்கள் மகள் பிறந்து முப்பத்துநான்கு நாள் ஆகிறது. பிறந்தபோது ஒரு கிலோ நூற்று எண்பது கிராம். குறித்த நாளுக்குப் பத்து வாரம் முன்னால் வந்துவிட்டாள். உறிஞ்சத் தெரியாது என்பதால் வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை வயிற்றுக்குள் விட்டு, அக்கா பீய்ச்சித் தரும் பாலை இரண்டு மில்லி, மூன்று மில்லி என்று ஊற்றினார்கள். அக்கா வயிற்றில் ஆபரேஷன் தையலோடு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து உட்கார்ந்து பீய்ச்சினாள். முதல் நாள் வந்தது பத்துச் சொட்டு. அதையும் நர்ஸ் வரலட்சுமி வீணாக்காமல் எடுத்துக்கொண்டுபோனார். இருபதாம் நாள் குழந்தை ஒரு கிலோ நானூறு ஆனாள். குழாயை எடுத்துவிட்டு எங்கள் கையில் கொடுத்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார்கள். இதெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் ஒவ்வொரு முறையும் கேட்டது எடை மட்டும்தான்.

அம்மாவுக்குத் திருமலையில் காட்டேஜ் கூட்டுகிற கான்ட்ராக்ட் வேலை. நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு போட்டால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். அதனால் அக்காவுக்குத் துணையாக நான்தான் இருக்கிறேன். குழந்தையின் துணியை அலசுவது என் வேலை. அலசுவதற்கு முன்னால் ஒருமுறை முகர்ந்து பார்ப்பேன். அருவருப்பாக இருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். நம் ஊர்ப் பால் சென்டரில் மூன்றரை வருடமாக அதைத்தான் செய்கிறேன். கேன் மூடியைத் திறந்ததும் முதலில் மூக்கு, பிறகுதான் மெஷின். ஃபேட் எவ்வளவு என்று மெஷின் சொல்லும். இந்தப் பால் சாயங்காலத்துக்குள் திரிந்துவிடும் என்பதை மூக்குதான் சொல்லும்.

அக்காவின் பாலை மட்டும் குடித்தவரை உங்கள் மகளின் துணியில் லேசான புளிப்பு வாசனைதான் இருந்தது, காலையில் உறைந்த தயிரைப் போல. போன திங்கட்கிழமை காலையில் அது இல்லை. கழுவாமல் மூடிவைத்த கேனைத் திறந்ததுபோல் ஒரு வாடை. கையில் துணியோடு அப்படியே நின்றேன். உங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, கேன மோந்து மோந்து இப்ப புள்ள பீயையும் மோந்துக்கினு கீறியா?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள்.

வழக்கமாக அதோடு வாயை மூடிக்கொள்வேன். அன்று ஏதோ தைரியத்தில், வேறு ஏதாவது கொடுத்தீர்களா அத்தை என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டுபோய்ப் பையைத் திறந்து காட்டினார். குவைத்திலிருந்து நாகபூஷணம் அண்ணன் லீவில் வரும்போது நீங்கள் கொடுத்தனுப்பிய இரண்டு பால் பவுடர் டப்பாவில் ஒன்று கால்வாசி காலியாகியிருந்தது. சனிக்கிழமையிலிருந்து அக்கா குளிக்கப் போகும்போதும் சாப்பிடப் போகும்போதும் பிளாஸ்க்கு வெந்நீரில் கரைத்துப் புகட்டியிருக்கிறார். "ஏழாம் மாசத்துல பெத்தவ பால்ல இன்னாடி சத்து இருக்கும்? தண்ணியாட்டம் கீது. எம் புள்ள சொல்லித்தான் குடுத்தேன். அவன் ஓனர் வூட்டுக் கொயந்த இத்தக் குடிச்சி குண்டுகுண்டா கீதாம். டாக்டராண்ட வாயத் தொறந்த, உங்கக்காவ இப்பிடியே உட்டுட்டு நான் ஊருக்குப் போய்க்கினே இருப்பேன்" என்றார்.

நீங்கள் சொல்லித்தான் என்பதை அவர் பெருமையாகச் சொன்னார். அதை அப்படியே உங்களுக்கு எழுதுகிறேன்.

இனி எழுதப்போவது என்னைப் பற்றி. இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டலாம். உங்களுக்கு அந்த ஒரு உரிமை உண்டு.

இங்கே டாக்டர் ஹரிதா என்று ஒருவர் இருக்கிறார். இன்னும் படித்துக்கொண்டிருக்கிற டாக்டர். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் மலத்தைச் சின்னக் குப்பியில் எடுத்துப்போய், வயிற்றுக்குள் என்னென்ன கிருமி வளர்கிறது, என்ன பால் கொடுத்தால் எது வளர்கிறது என்று பார்க்கிறார். நம் குழந்தைக்குத் துணியிலிருந்து எடுத்துத் தருவது நான். ஒவ்வொரு முறையும் அவர் கேட்பது ஒரே கேள்வி, நேற்றிலிருந்து என்ன பால் கொடுத்தீர்கள் என்று. அந்தத் திங்கட்கிழமையும் வந்தார், கேட்டார். உங்கள் அம்மா என் பின்னால் நின்றிருந்தார். நான் தாய்ப்பால் மட்டும் என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

மாமா, நான் பேச ஆரம்பித்த நாளிலிருந்து யாரிடமும் அதிகம் பேசியதில்லை. பேசிய கொஞ்சத்தில் அது ஒரு பொய்.

மாலை விளக்குப் போடும் நேரத்தில் குழந்தையின் வயிறு மேளம்போல் இறுகிவிட்டது. தோல் பளபளவென்று மினுமினுத்தது, நரம்பு நீலமாகத் தெரிந்தது. பச்சையாகக் கக்கினாள். தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி டப்பா, டப்பா என்று கத்தினேன். வேறு வார்த்தை வரவில்லை. வரலட்சுமி நர்ஸ் உங்கள் அம்மாவின் பையை வாங்கிப் பார்த்தார். பத்து மணி நேரம் தாமதமாகச் சொன்னேன். அந்தப் பத்து மணி நேரமும் என் கணக்கு. அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். மிச்சம் உங்களுடையது.

எக்ஸ்ரேயில் குடலின் சுவருக்குள் காற்று தெரிந்தது. ஓட்டை விழுந்தால் ஆபரேஷன், அதற்குச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும், இந்த எடையில் தாங்குவாளா என்று சொல்ல முடியாது என்றார் பெரிய டாக்டர். பாலை அடியோடு நிறுத்தினார்கள். கையில் டிரிப், மூன்று வகை மருந்து. எட்டு நாள் ஒரு சொட்டு எதுவும் வாயில் படவில்லை. தீபாவளி அன்று வெளியே வெடி வெடித்தபோது அந்தச் சத்தத்துக்கு அவள் ஒருமுறை கையை உதறினாள். அன்றைக்கு முழுவதும் எங்களுக்குக் கிடைத்த நல்ல செய்தி அதுதான். நீங்கள் அன்று உங்கள் அம்மாவுக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னீர்கள்.

டாக்டர் ஹரிதாவிடம் போய் நான் பொய் சொன்னதைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நோட்டை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, நானே திருத்தி எழுதுகிறேனா என்று பேனாவை நீட்டினார். சனிக்கிழமையிலிருந்து டப்பாப் பால் என்று தமிழில் எழுதினேன். பிறகு எனக்குப் புரிகிற தெலுங்கில் சொன்னார். பிறந்த குழந்தையின் வயிறு காலி மனை மாதிரி. யார் முதலில் குடியேறுகிறார்களோ அவர்கள் மற்றவர்களை விட மாட்டார்கள். தாய்ப்பாலில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறதாம். அது குழந்தைக்கு ஜீரணமாகாதாம். பிறகு எதற்கு இருக்கிறது என்று நான் கேட்டேன். நானாக ஒரு டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி அது. வயிற்றில் இருக்கிற நல்ல கிருமிகளுக்கு அதுதான் சாப்பாடு என்றார். அவை அதைத் தின்று வயிற்றைப் புளிப்பாக வைத்திருக்குமாம். கெட்டவற்றுக்கு அந்தப் புளிப்பு ஆகாதாம். நான் முகர்ந்த தயிர் வாசனை அதுதான். அக்காவுக்கே தெரியாமல் அக்காவின் உடம்பு குழந்தைக்கும் சமைத்தது, அவற்றுக்கும் சமைத்தது.

டப்பாவால்தான் இப்படி ஆனது என்று டாக்டர் சொல்லவில்லை. அதையும் நேர்மையாக எழுதிவிடுகிறேன். பத்து வாரம் முன்னால் வந்த குழந்தைக்கு எதனாலும் இது வரலாம், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கும் வருவதுண்டு, ஆனால் குறைவு என்றார். அவர் எதையும் ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்கிறவர் இல்லை. ஒன்றை மட்டும் அப்படிச் சொன்னார். அக்காவின் பாலால் இது வரவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் அம்மா, "அது பாலா? கயினித் தண்ணி" என்று வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே பீய்ச்சினாள். யாரும் குடிக்காத பாலை எட்டு நாளும் பீய்ச்சினாள், மாமா. நிறுத்தினால் வற்றிவிடும் என்பதால். மூடி போட்ட ஸ்டீல் கிண்ணங்களில் பெயர் ஒட்டி வார்டு பிரிட்ஜில் வைத்தார்கள். நீங்கள் போனில் கத்திய ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிண்ணத்தின் அடியைக்கூடப் பால் மூடவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள், அம்மா வந்து அக்காவிடம் இருந்தபோது, நான் அந்தப் பாலில் இரண்டு பாலாடை அளவு ஒரு பாட்டிலில் ஊற்றி, ஐஸ் வைத்த டிபன் கேரியரில் போட்டுக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். வரதய்யபாளையத்தில் இறங்கிச் சென்டருக்கு நடந்தேன். சாயங்காலப் பால் எடுத்து முடிந்திருந்தது. சூப்பர்வைசர் கிருஷ்ணப்பா மெஷினைக் கழுவப் போனார். இன்னும் ஒரு சாம்பிள் இருக்கிறது என்றேன். "யாரு, புது மெம்பரா? எந்த வூட்டு மாடு? பசுவா, எருமையா?" என்று கேட்டு அவரே சிரித்தார். நான் மெஷினின் குழாயைப் பாட்டிலில் விட்டேன். அது மருந்துக்கடையில் வாங்கிய குழந்தைப் பாட்டில் என்பதை அப்போதுதான் அவர் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு வெளியே போய்க் கேன்களைத் திருப்பி அடுக்க ஆரம்பித்தார், ஏற்கனவே அடுக்கியிருந்த கேன்களை. மெஷின் சீட்டைக் கக்கியது. ஃபேட் 4.1. மெம்பர் நம்பர் போடுகிற இடம் காலி. "எடுத்துக்கினு போம்மா. இதுக்கு ரிஜிஸ்டர்ல எண்ட்ரி வேணாம்" என்று வெளியிலிருந்தே சொன்னார்.

அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். டாக்டர் ஹரிதா அதைப் பார்த்துச் சிரித்தார். மாட்டுப் பாலுக்குச் செய்த மெஷின் இது, நான் சொன்ன எதையும் இதனால் பார்க்க முடியாது, ஃபேட்டில் இல்லை விஷயம் என்றார். எனக்கும் தெரியும். ஆனால் அவர் சொன்னதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், சீட்டை நம்புவீர்கள். குவைத் போவதற்கு முன்னால் அந்த மெஷினுக்கு எதிரில் நின்று 3.2 எப்படி வரும், 3.3 எப்படி வரும் என்று கிருஷ்ணப்பாவோடு தினமும் சண்டை போட்டவர் நீங்கள். உங்கள் கேனில் ஒருநாளும் நாலு வந்ததில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். முதல் மாதத்திலேயே என் மூக்குக்கும் தெரிந்துவிட்டது. அக்காவைக் கட்டியவர் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் கலந்த பால் எது என்று இனி எங்கள் வீட்டில் நீங்கள் பேச வேண்டாம்.

உங்கள் பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். தூரத்தில் இருக்கிறீர்கள். ஓனர் வீட்டுக் குழந்தையைக் காரில் ஏற்றி இறக்குகிறீர்கள். அது கொழுகொழுவென்று இருக்கிறது, நம் குழந்தை போட்டோவில் கைவிரல் அளவு இருக்கிறாள். அதனால் அதே டப்பாவை வாங்கி அனுப்பினீர்கள். அதை ஆசை என்று எழுதப் பார்த்தேன். ஆனால் ஆசை இருக்கிறவர் ஒருமுறையாவது அக்காவிடம் கேட்டிருப்பார், நீ எப்படி இருக்கிறாய், டாக்டர் என்ன சொல்கிறார் என்று. நீங்கள் ஆணை போட்டீர்கள். அதுவும் அக்காவுக்குத் தெரியாமல்.

இன்று எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம். வயிறு இளகிவிட்டது. இன்று மாலையிலிருந்து மறுபடி குழாய் வழியாக ஒரு மில்லி பால் கொடுத்துப் பார்க்கப்போகிறார்கள். கொடுத்த மருந்தெல்லாம் கெட்ட கிருமியோடு நல்லதையும் கொன்றிருக்கும், மனை மறுபடி காலியாகிவிட்டது, இந்த முறை யார் முதலில் குடியேறுகிறார்கள் என்பதுதான் முக்கியம் என்றார் டாக்டர் ஹரிதா. மறுபடி ஒருமுறை வயிறு வீங்கினால் பெரிய டாக்டர் நம்பிக்கை தர மாட்டார்.

இரண்டாவது டப்பாவை மூடி திறக்காமல் நாகபூஷணம் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அவர் பிளைட் ஏறும்போது இந்தக் கடிதத்தோடு அதுவும் வருகிறது. உங்கள் ஓனர் வீட்டுக் குழந்தைக்கு ஆகும். ஆனால் திருப்பதியில் எந்தக் கடையிலும் இன்னொரு டப்பா கிடைக்கும், உங்கள் அம்மா தினமும் வருகிறார். நான் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை நாள் உட்கார முடியும்? அவர் யார் சொன்னாலும் கேட்க மாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார். உங்களிடம் நான் கேட்கிற உதவி இது ஒன்றுதான். டாக்டர் சொல்லும்வரை அக்காவின் பாலைத் தவிர வேறெதுவும் குழந்தை வாயில் படக்கூடாது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு அக்காவைப் போனில் கூப்பிடுங்கள். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அது உங்களுக்கு வராது. சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும். அதைக் கேட்டால் அவளுக்குப் பால் ஊறும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு என்னிடம் சீட்டு இல்லை.

உங்கள் மகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கையில் கட்டிய பட்டையில் அக்கா பெயரை வைத்துச் சுமித்ரா பேபி என்றுதான் இருக்கிறது. அவள் இருந்தால் நீங்கள் அப்பா. அதனால் நீங்களும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
சந்தியா

பி.கு.: கடிதத்தை மடித்த நேரத்தில் வரலட்சுமி நர்ஸ் கூப்பிட்டார். அக்காவின் கிண்ணத்திலிருந்து ஒரு மில்லியைச் சிரிஞ்சில் ஊற்றி, குழாயின் மேல்முனையில் பொருத்தி, அக்காவை அதை உயரமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பால் தானாக இறங்க வேண்டுமாம். அக்கா என்னைப் பிடிக்கச் சொன்னாள். நான் முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்தேன். முதலில் கிண்ணத்தின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். பிறகு சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தேன்.